விலகலும் மீளலும்

தான் சொன்ன சொல்லை மறுநாளே மீளப் பெற்றுக்கொள்பவனை உலகம் எளிதில் மன்னிப்பதில்லை. அரசியல்வாதி அவ்வாறு செய்யின் தந்திரம் என்கிறோம். காதலன் செய்யின் கோழைமை என்கிறோம். வியாபாரி செய்யின் கெட்டித்தனம் என்று ஒப்புக்கொண்டும் விடுகிறோம். ஆயின், தன் உடல் தன்னைக் கைவிடுவதைக் கண்டு, நாடறிந்த பதவியொன்றைத் துறப்பதாகச் சனிக்கிழமை அறிவித்து, ஞாயிற்றுக்கிழமையே துறக்கவில்லை, விடுப்பில் மட்டுமே செல்வதாகக் கூறிய ஒருவரை நாம் எப்பெயரால் அழைப்பது? 2009 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம், 27 ஆம் நாள்களில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது இதுவே. அவர் பெயர் ஏர்பன் மெயர்; புளோரிடாப் பல்கலைக்கழக உதைபந்தாட்டக் குழுவின் தலைமைப் பயிற்றுநர்.

உதைபந்தாட்டம் என்றவுடன் நம் பாடசாலை மைதானங்களில் மாலை வேளைகளிற் காணும் ஆட்டத்தை வாசகர் நினைத்துவிடல் ஆகாது. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது, முட்டை வடிவான பந்தைப் பெரும்பாலும் கையாலே ஏந்தியும் எறிந்தும் ஆடுகின்ற, உடலோடு உடல் மோதும் கடுமையான ஆட்டம். அங்கே பல்கலைக்கழகங்களுக்கிடையே நிகழும் இவ்வாட்டத்தைக் காண ஒரே மைதானத்தில் 1 இலட்சம் பேர் கூடுவதுண்டு. தொலைக்காட்சி உரிமைக்குக் கோடிக்கணக்கான டொலர் கைமாறுகின்றது. அந்நாட்டின் பல மாநிலங்களில் அரசாங்கப் பணத்திற் சம்பளம் பெறுவோருள் முதலிடம் வகிப்பவர் ஆளுநரும் அல்லர், பேராசிரியரும் அல்லர், இத்தகைய விளையாட்டுப் பயிற்றுநரே. கல்விக்கூடம் ஒன்றின் நிழலில் இத்துணைப் பெரிய வாணிகம் எவ்வாறு முளைத்தது என்று வியப்பவர்க்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். இப்போதைக்கு அது முளைத்துவிட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

மெயர் 1964 இல் ஒஹாயோ மாநிலத்திற் பிறந்தவர். 2005 இல் புளோரிடாவுக்கு வந்தார். 2006, 2008 ஆகிய இரு பருவங்களுக்குரிய தேசிய வெற்றிக் கிண்ணங்களையும் அப்பல்கலைக்கழகத்துக்கு ஈட்டிக் கொடுத்தார். 2009 ஆகஸ்டில் ஆறாண்டுகளுக்கு 240 இலட்சம் டொலர், அஃதாவது ஆண்டொன்றுக்கு 40 இலட்சம் டொலர், என்ற ஒப்பந்தம் அவருக்குக் கிட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 5 ஆம் நாள்வரை அவரது குழு ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோல்வி காணவில்லை. அன்று அலபாமாப் பல்கலைக்கழகத்திடம் 32க்கு 13 என்று தோற்றது. மறுநாள் விடியுமுன்னரே நெஞ்சு நோவுடன் அவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மாரடைப்பன்று, உணவுக்குழாய்த் தசை இறுகுவதால் வரும் வலி என்பது பின்னர் தெரிந்தது. எனினும் வலித்த பொழுதில் அவருக்கு அது தெரியாதல்லவா?

மூன்று வாரம் கழித்து, உடல்நலத்தையும் குடும்பத்தையும் முன்னிட்டு விலகுவதாக அறிவித்தார். இச்செய்தியை வீட்டிற் சொன்னபோது, அவருடைய மூத்த மகள் அவரைக் கட்டித் தழுவி, தன் தந்தை தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்ற பொருள்படக் கூறினாளாம். அதை நிருபரிடம் சொன்னவரும் அவரே. அடுத்த நாட் காலை குழுவின் பயிற்சிக்குச் சென்றார். இளைஞர்கள் மூச்சிரைக்க உழைப்பதைக் கண்டார். பல்கலைக்கழக விளையாட்டுத்துறைத் தலைவர் விலகலுக்குப் பதிலாக விடுப்பு என்றொரு வழியையும் முன்வைத்திருந்தார். அன்று மாலைக்குள் விலகல் விடுப்பாயிற்று. 2010 மார்ச்சில் அவர் மீண்டும் மைதானத்தில் நின்றார். அவ்வாண்டு டிசம்பர் 8 ஆம் நாள் இரண்டாம் முறை விலகினார்; இம்முறை மறுநாள் மனம் மாறவில்லை. ஆனால் ஓராண்டு நிறையுமுன், 2011 நவம்பர் 28 இல், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அவரைத் தன் தலைமைப் பயிற்றுநராக அறிமுகப்படுத்தியது.

இந்த வரலாற்றைப் படித்தவர்கள் இருவகைத் தீர்ப்புகளுள் ஒன்றையே வழங்குவர். ஒரு சாரார், சொல்லில் நிலைக்காதவர், முதலில் நடித்தார், பின் சலுகை பெற்றார் என்பர். மறு சாரார், கடமையின் அழைப்பைத் தட்ட இயலாத வீரர் என்பர். இரண்டுமே நமக்கு உடன்பாடல்ல. இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன: மனிதனின் உள்ளத்தில் முடிவு என்பது ஒரு நொடியிற் பிறந்து, பின் கல்லிற் பொறித்தாற்போல் நிலைத்து நிற்கும் என்று கொள்கின்றன.

நம் மரபிலே துறவுக்கு மிக உயர்ந்த இடம் உண்டு. துறந்தவர் திரும்புதல் இழுக்கு என்பது நாம் பால்குடி நாளிலிருந்து கேட்டு வளர்ந்த எண்ணம். ஒரு கணத்திலே செல்வமனைத்தையும் உதறித் தெருவில் இறங்கிய பட்டினத்தாரைப் பற்றிய கதை நம் மனத்தை ஆட்கொண்டிருப்பதும் இதனாலேயே. ஆயின் ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் இத்-சிங், பர்த்ருஹரி என்ற பேரறிஞரைப் பற்றி எழுதிவைத்த செய்தியொன்று இங்கு நோக்கத்தக்கது. அவர் ஏழு முறை மடம் புகுந்து, ஏழு முறையும் இல்வாழ்வுக்கு மீண்டாராம். இலக்கணத்தையும் மொழியின் மெய்ப்பொருளையும் அத்துணை ஆழமாக ஆராய்ந்தவருக்கும் தம் மனத்தின் இலக்கணம் பிடிபடவில்லை போலும். அவரை எவரும் வேடதாரி என்று தள்ளிவிடவில்லை. அவர் பெயர் இன்றும் நிற்கின்றது. ஒவ்வொரு முறை புகும்போதும் அவர் உண்மையாகவே புகுந்தார், ஒவ்வொரு முறை மீளும்போதும் உண்மையாகவே மீண்டார் என்று கொள்வதில் தடையென்ன?

பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் 1943 இல் வெளியிட்ட தம் பெருநூலிலே சூதாடி ஒருவனை உதாரணமாகக் காட்டுகிறார். இனி ஆடுவதில்லையென்று மனமார உறுதி பூண்டவன் அவன். ஆட்ட மேசையை அணுகியதும் நேற்றைய உறுதி தன்னைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கிறான், அது தடுக்கவில்லை. நேற்றைய உறுதி நேற்றையது. இன்றைக்கு அதனைப் புதிதாய்ப் பூண வேண்டியிருக்கிறது என்பதை அவன் அச்சத்துடன் உணர்கிறான். சுதந்திரம் என்பது இத்தகைய நடுக்கமே என்பது சார்த்தரின் கருத்து. மெயரின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை விளங்கிக்கொள்ள இவ்வுதாரணம் பெரிதும் துணை புரிகின்றது. சனிக்கிழமை சொன்னது பொய்யன்று. ஞாயிற்றுக்கிழமை புல்வெளியின் விளிம்பில் நின்றபோது அது வலுவிழந்து கிடந்தது.

ஆனால் சார்த்தரின் உதாரணத்தில் நமக்கு ஒரு குறை தெரிகின்றது. அவருடைய சூதாடி மேசைக்கு முன் தனியே நிற்கிறான். மேசையை அங்கே கொண்டுவந்து வைத்தவன் யார், அந்த மேசையால் வாழ்பவர் யாவர், அவன் ஆடாது திரும்பினால் நட்டம் யாருக்கு என்பன அங்கே கேட்கப்படவில்லை. மெயரின் மேசையைச் சுற்றிலும் ஆட்கள் நின்றனர். 240 இலட்சம் டொலர் ஒப்பந்தம் செய்த பல்கலைக்கழகம் நின்றது. புத்தாண்டு நாளன்று நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடக்கவிருந்த ஆட்டத்தின் ஏற்பாடுகள் நின்றன. பெப்ரவரியில் கையெழுத்திடவிருந்த புதிய மாணவ ஆட்டக்காரர்கள், பயிற்றுநர் இல்லையென்றால் வேறிடம் போய்விடுவரே என்ற அச்சம் நின்றது. இத்தனைக்கும் நடுவில், தந்தை திரும்பக் கிடைத்ததாக மகிழ்ந்த ஒரு மகளும் நின்றாள். அவள் பக்கத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

சொல் மாறியது குற்றமா என்று கேட்பதைவிட, மாறிய சொல் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்பதே முறை. சனிக்கிழமைச் சொல் மகளுக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சொல் நிறுவனத்துக்கு. ஒன்றை மீட்டே மற்றொன்றைக் கொடுக்க முடிந்தது. ஒருவன் தன் முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மாற்றத்தின் விலையைச் செலுத்துபவர் அவனல்லாத வேறொருவராயின் அங்கே அறம் குறுக்கிடுகின்றது.

விலகுதல் என்ற சொல் மெயரின் இளமையிலேயே நஞ்சூட்டப்பட்ட சொல் என்பதையும் இங்குக் கூற வேண்டும். 1982 இல் அற்லாண்டாவின் பேஸ்போல் கழகம் அவரைத் தெரிவுசெய்தது. பதினேழு வயதில் வீட்டைவிட்டுத் தூரத்தில் ஆடச் சென்ற சிறுவன், தன் திறமை போதவில்லை என்று கண்டு, திரும்பி வந்துவிடுவதாகத் தொலைபேசியில் தந்தையிடம் சொன்னான். அப்படி விட்டுவிட்டு வந்தால் இவ்வீட்டில் உனக்கு இடமில்லை, நத்தார் நாளில் வேண்டுமானால் தாயை அழைத்துப் பேசு என்று தந்தை விடையிறுத்தாராம். மெயரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லிய செய்தி இது. சிறுவன் திரும்பவில்லை, பருவம் முடியும்வரை ஆடினான். இக்கதையைச் சிலர் மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. ஆசிரியத் தொழில் புரியும் நமக்கோ இது உவப்பாயில்லை. முடியாது என்று சொல்ல வந்த பிள்ளைக்குக் கதவைச் சாத்துதல், உறுதியைக் கற்பிப்பதன்று. முடியாதபோதும் முடியும் என்று சொல்லக் கற்பிப்பது. நாற்பத்தைந்து வயதில் நெஞ்சு வலித்தபோது அம்மனிதருக்கு நிற்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே அவருள்ளிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

செல்வந்தரின் இத்துயரத்தில் நமக்கென்ன அக்கறை என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். வேலையை விட்டால் அடுத்த வேளை உணவுக்கு வழியில்லாதவன் விலகுவதைப் பற்றி எண்ணுவதே இல்லை. எண்ணினாலும் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி அறிவிப்பதில்லை. சுரங்கத்திலும் ஆலையிலும் நெஞ்சு நோகும் தொழிலாளிக்கு விடுப்பு என்ற சொல்லே பலவிடங்களிற் சம்பளவெட்டு என்றுதான் பொருள்படும். இவையெல்லாம் உண்மை. ஆயினும் போகத்தக்க வசதியெல்லாம் உள்ள ஒருவரே போக முடியாது தவிக்கிறார் என்றால், வேலை மனிதனைப் பற்றிக்கொள்வது பசியின் வழியாக மட்டுமன்று, அவன் தன்னைப்பற்றி வைத்திருக்கும் மதிப்பின் வழியாகவும் என்பது விளங்குகின்றது. வென்றால்தான் தான் ஒரு மனிதன் என்று நம்பப் பழகியவனுக்கு, தோல்வி ஒரு நோயாகவே உடலில் வெளிப்படுகின்றது.

இதனாலே அமைப்பின் மீது பழி முழுவதையும் சுமத்தித் தனிமனிதரை விடுவித்துவிடலாமா? அதுவும் ஆகாது. மெயர் அந்த இயந்திரத்திற் சிக்கிய கூலியாள் அல்லர். அதன் கைப்பிடியையும் பிடித்திருந்தவர். எத்தனை பதினெட்டு வயதினர் அவர் சொல்லை நம்பி வந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2010 பெப்ரவரியில் அவர் சேர்த்த மாணவர் தொகுதி நாட்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என மதிப்பிடப்பட்டது. அவர்களின் வீடுகளுக்குச் சென்று, பெற்றோரோடு அமர்ந்து பேசி, உங்கள் மகனை என்னிடம் தாருங்கள் என்று கேட்பதே இத்தகைய பயிற்றுநர்களின் தொழில் முறை. அவ்வாறு வந்தவர்கள் பத்தே மாதங்களில் அவரை இழந்தனர். அவர் போகலாம், அவர்கள் போக இயலாது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் உதைபந்தாட்ட மாணவன் ஓராண்டு ஆடாது காத்திருக்க வேண்டும் என்பதே அந்நாளைய பொது விதி. சம்பளமும் அவர்களுக்கு இல்லை. கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம் ஆகியவையே ஊதியம். அவர்கள் தொழிலாளர் அல்லர், கல்வி கற்க வந்த பொழுதுபோக்கு ஆட்டக்காரர் என்பது விளையாட்டுச் சங்கத்தின் வாதம்.

இந்த வாதத்தை அவ்விளைஞர்கள் எப்போதும் பேசாமல் ஏற்றுக்கொண்டனர் என்று நினைத்தல் தவறு. 2014 இல் நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழக ஆட்டக்காரர் தொழிற்சங்கம் அமைக்க முயன்றனர். அவர்கள் தொழிலாளரே என்று தேசியத் தொழில் உறவுச் சபையின் பிராந்திய அதிகாரி தீர்ப்பளித்தார். 2015 இல் அச்சபை அவர்கள் தொழிலாளரா அல்லரா என்று கூறாமலே, இவ்வழக்கு தன் கையில் எடுக்கத்தக்கதன்று என ஒதுங்கிக்கொண்டது. எனினும் உடைப்பு ஏற்பட்டுவிட்டது. 2021 ஜூனில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம், கல்வி தொடர்பான உதவிகளுக்கும் வரம்பு விதித்த சங்கத்துக்கு எதிராக ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே தம் பெயரையும் உருவையும் கொண்டு பணம் ஈட்டும் உரிமை மாணவர்க்குக் கிடைத்தது. 2025 இல் ஏற்கப்பட்ட வழக்குத் தீர்வொன்றின்படி பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கத் தொடங்கின. மெயர் விலகியும் மீண்டும் இருந்த நாள்களிலோ இவை எவையும் இல்லை.

ஒஹாயோவுக்குச் செல்லுமுன் நிகழ்ந்த ஒன்று இவ்வரலாற்றிலே நம்மை மிகவும் சிந்திக்க வைக்கின்றது. அவருடைய பிள்ளைகள் உடனே உடன்படவில்லை. இளஞ்சிவப்புத் தாளொன்றில் நிபந்தனைகள் எழுதப்பட்டன. குடும்பமே முதலிடம் பெறும், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அலுவலகத்தில் இருக்கலாகாது, மூன்று வேளையும் உண்ண வேண்டும், உறங்கும்போது தொலைபேசியை ஒலிக்கவிடக் கூடாது, இவ்வாறு பல. தந்தை கையெழுத்திட்டார். தம் அலுவலகச் சுவரிலும் அதனை மாட்டிவைத்தார். இரண்டாண்டுகளுக்கு முன்னே ஒப்பந்தமற்று நின்றவர்கள் இப்போது தாமும் ஓர் ஒப்பந்தம் கண்டுபிடித்துக்கொண்டனர்! தொழிற்சாலை வாயிலில் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தலைமுறைகளின் மொழியை, ஒரு பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தந்தையின் உயிரைக் காக்கக் கையாள வேண்டியிருந்தது. அன்பு மட்டும் போதாது, எழுத்தில் வேண்டும் என்று அப்பிள்ளைகள் உணர்ந்திருந்தனர்.

அந்தத் தாள் எவ்வளவு காலம் காத்தது என்பதை வெளியிலிருந்து அளத்தல் கடினம். ஒஹாயோவில் அவர் ஏழு பருவங்களில் 83 ஆட்டங்களை வென்று ஒன்பதில் மட்டுமே தோற்றார். 2015 ஜனவரியில் மூன்றாவது தேசியக் கிண்ணம் கிட்டியது. 2018 ஆகஸ்டில், உதவிப் பயிற்றுநர் ஒருவர்மீது எழுந்த குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டைக் கையாண்ட முறைக்காக மூன்று ஆட்டங்களுக்கு இடைநிறுத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரிலே, மூளையிலுள்ள நீர்க்கட்டியால் வரும் கடுந்தலைவலியையும் ஒரு காரணமாகக் காட்டி ஓய்வை அறிவித்தார். 2021 இல் மறுபடியும் திரும்பினார், இம்முறை தொழில்முறைக் குழுவொன்றுக்கு. பதின்மூன்று ஆட்டங்களில் பதினொன்று தோல்வியாக, பருவம் முடியுமுன்னரே அவரை நீக்கினார்கள். விலகுவதற்கு அவருக்கு அங்கே வாய்ப்பே வைக்கப்படவில்லை.

இவரோடு டிக் வெர்மீல் என்பவரை ஒப்பிடுதல் பொருந்தும். கலிபோர்னியாவிற் பல்கலைக்கழகப் பயிற்றுநராயிருந்து 1976 இல் பிலடெல்பியாவின் தொழில்முறைக் குழுவுக்குச் சென்றவர். இரவிலும் அலுவலகத்திலேயே உறங்கியவர். 1982 ஆம் பருவத்தின் முடிவில் உள்ளம் எரிந்து சாம்பலாகிவிட்டதாகக் கூறி விலகினார். பதினான்கு ஆண்டுகள் மைதானத்துக்கு வெளியே, வருணனையாளராய் வாழ்ந்தார். 1997 இல் செயின்ற் லூயிஸ் குழுவுக்குத் திரும்பி, 2000 ஜனவரியில் உச்சக் கிண்ணத்தை வென்றார். அதன்பின்னும் ஓய்வுபெற்று, மீண்டும் வந்தார் என்பது வேறு கதை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டவரை எவரும் சொல் தவறியவர் என்று கூறவில்லை. ஒரே நாளில் மீண்டவரை எல்லாரும் கூறினர். செயல் ஒன்றே, இடையில் நின்ற காலம் மட்டுமே வேறு. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒரு மனிதன் தன் வேலையின்றியும் தான் இருப்பதைக் கண்டுகொள்ளப் போதிய பொழுது இருந்தது. மெயருக்குக் கிடைத்தது ஓர் இரவு. அந்த ஓர் இரவையும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைக்கும் பொறுமை அவரைச் சுற்றி நின்ற எவருக்கும் இருக்கவில்லை, அவருக்கும் இருக்கவில்லை.

2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் ஓராண்டு காத்திராமலே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற அனுமதிக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் மாறினர்; சிலர் விலகுவதாக அறிவித்துவிட்டு, மனம் மாறிப் பழைய இடத்திலேயே தங்கினர். இளைஞரிடம் விசுவாசம் அற்றுப்போயிற்று, சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை என்ற முறைப்பாடு உடனே எழுந்தது. முறைப்பாடு செய்வோர் 2010 பெப்ரவரியில் கையெழுத்திட்ட பதினெட்டு வயதினரின் பெயர்ப்பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்து, அந்த டிசம்பரில் அவர்களிடம் எவர் எந்த விசுவாசத்தைக் காட்டினர் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.